அஞ்சலை அக்காவின் கேழ்வரகு மெத்தை

கேழ்வரகு கொட்டுகிற சத்தம் மழை தொடங்குகிற சத்தம் மாதிரி இருக்கும். முள்வேலி வாசலில் நின்ற அந்தக் காலையில்தான் அது எனக்குத் தெரிந்தது.

சோதனைக்கார அம்மா மெத்தையின் ஓரத்தைக் கத்தரிக்கோலால் கிழித்துத் தலைகீழாகப் பிடித்தார். சரசரவென்று செம்மண் தரையில் கொட்டியது. குவியலாகக்கூட நிற்கவில்லை. உருண்டு உருண்டு நாலா பக்கமும் ஓடியது. எங்கிருந்துதான் மோப்பம் பிடித்தனவோ, லயத்து வரிசை வீட்டுக் கோழிகள் அத்தனையும் ஓடி வந்துவிட்டன.

என் அக்கா அஞ்சலை பக்கத்தில் தரையில் கையூன்றி உட்கார்ந்திருந்தாள். அது அவளுடைய மெத்தை.

"இன்னிக்குக் கோழிங்களுக்கெல்லாம் கல்யாணச் சாப்பாடு லா," என்றாள்.

எங்களுக்குப் பின்னால் தோளில் காண்டாக் கம்பும் வாளிகளுமாக வரிசையில் நின்ற, பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டுகிறவர்கள் சிரித்தார்கள். சோதனைக்கார அம்மா சிரிக்கவில்லை. அவர் கோலா பிலா டவுனிலிருந்து வேலைக்கு வந்தவர். அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் ஒரு புது அதிகாரி இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான்.

"கேவுரும் சாப்பாடுதான? சாப்பாடு வேலிக்கு வெளிய போவக்கூடாதுன்னு ஆர்டர். நான் என்னம்மா பண்ணுவேன்?"

"ஏம்மா, நான் உக்காந்த கேவுர எவன் கஞ்சி காச்சிக் குடிப்பான்?"

இந்த முறை வரிசையே குலுங்கியது. காவலுக்கு நின்ற சாலே அண்ணன், தமிழ் தெரிந்த மலாய்க்காரர், உதட்டைக் கடித்துக்கொண்டு ரப்பர் மரங்களைப் பார்த்தார்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். ஒன்று நடப்பதற்கு முன்பே அது எப்படி எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிடுவேன். அன்றைக்கு அக்காவை லாரியில் ஏற்றுவார்கள், அப்பாவைப் பிடிப்பார்கள், எங்கள் சாமான்களை ரோட்டில் எறிவார்கள் என்று நினைத்தேன். எதுவும் நடக்கவில்லை. நான் நினைக்காதது ஒன்றுதான் பின்னால் நடந்தது.

பலகை

அக்காவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த மெத்தையின் கதை விளங்காது.

எங்கள் வீட்டில் அவள்தான் மூத்தவள். தவழ்கிற வயதில் ஒரு காய்ச்சல் வந்ததாம். காய்ச்சல் போனபோது கால்களில் இருந்த தெம்பையும் கொண்டுபோய்விட்டது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் இடுப்புக்குக் கீழே மெலிந்து, மடங்கிப்போய்த்தான் இருந்தாள். இடுப்புக்கு மேலே நல்ல கட்டுமஸ்து. வாயோ அதைவிட.

அப்பாவுக்குப் புகைவீட்டில் ரப்பர் சீட் காய வைக்கிற வேலை. சீட் ஏற்றுகிற தள்ளுவண்டி ஒன்று உடைந்தபோது அதன் இரும்புச் சக்கரங்களைக் கேட்டு வாங்கி வந்து, அகலமான ஒரு பலகையின் அடியில் பொருத்திக் கொடுத்தார். கைக்கொரு மரக்கட்டையாக இரண்டு கட்டைகளைப் பிடித்துத் தரையைத் தள்ளித் தள்ளி அக்கா போவாள். இறக்கத்தில் எங்களால் அவளைப் பிடிக்க முடியாது.

"வழி வுடு, வழி வுடு! தொரை காரு வருது!"

வேலை வாங்குகிற தண்டல்கூட ஒதுங்கி நிற்பார்.

தாய்மார்கள் விடியுமுன் மரம் வெட்டப் போய்விட்டால் கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில்தான். விட்டத்திலிருந்து சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். நடுவில் அக்கா. ஒவ்வொரு தொட்டிலிலிருந்தும் ஒரு கயிறு வந்து அவள் விரல்களிலோ மணிக்கட்டிலோ முடிந்திருக்கும். எந்தக் குழந்தை சிணுங்குகிறது என்று திரும்பிப் பார்க்க மாட்டாள். அந்தந்த விரலே இழுத்துக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தால் கொட்டகையையே அவள் ஆட்டிக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அம்மாவோடு மரத்தில் பால் வடிகிற மங்குகளைத் துடைக்கப் போக ஆள் வேண்டியிருந்தது. அதனால் இந்த வாரப்பத்திரிகைத் தொடரில் நான் எழுதுவதில் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்வார்கள். ஆனால் இதில் வருகிற விஷயத்தை யாரும் திருத்திவிடக் கூடாதே என்று ஒவ்வொரு வாரமும் எனக்கு ஒரு பயம்.

வேலி வந்த வருஷம்

எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். மலாயாவில் அவசரகாலம் தொடங்கிச் சில காலம் ஆகியிருந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்குத் தோட்டத்து ஜனங்கள் சோறு போடுகிறார்கள் என்று, அங்கங்கே தள்ளித் தள்ளி இருந்த லயங்களையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சுற்றிலும் முள்வேலி போட்டார்கள்.

வேலியில் இரண்டு வழிகள். பால் லாரிக்கும் துரை காருக்கும் ஒரு பெரிய கேட். ஜனங்களுக்கு ஒரு சின்ன வாசல். இரண்டு மரக்கட்டைகளை நெருக்கமாக நட்டு, நடுவில் ஓர் ஆள் மட்டும் போகிற மாதிரி வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராக வந்தால்தானே தடவிப் பார்க்க முடியும்? பெண்களைச் சோதிக்கப் பக்கத்திலேயே ஓர் அத்தாப்பு ஓலைக் கொட்டாய்.

தோட்டத்து ஆஸ்பத்திரி வேலிக்கு வெளியே மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தை ஒட்டி, நாலு கட்டிலும் ஒரு மருந்து அறையும். அங்கே டாக்டர், கம்பவுண்டர் எல்லாமே டிரசர் ஐயாதான். மலையாளத்துக்காரர், நல்ல மனுஷர்.

முன்பெல்லாம் அக்கா தன் பலகையிலேயே நேராக ஆஸ்பத்திரி வாசல் வரை போய்விடுவாள். காலையில் பெரட்டுக்கு ஆள் நிற்கும்போதே சீக்காளிகளும் ஒரு வரிசையாக நிற்க வேண்டும், டிரசர் ஐயா ஒவ்வொருவர் நாக்காகப் பார்த்துக்கொண்டு வருவார் என்பது வழக்கம். ஒரு நாள் அவர் நின்றவர்களின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே அக்காவைத் தாண்டிப் போய்விட்டார்.

"ஐயா, கீழ பாருங்க. நாக்கு இங்க இருக்கு."

அதற்குப் பிறகு அவர் எப்போதும் அந்த வரிசையைக் குனிந்துதான் தொடங்குவார்.

வேலி வந்த பிறகு பலகை சின்ன வாசலில் நுழையவில்லை. ஒரு பக்கச் சக்கரம் கட்டையில் இடித்து நின்றுவிட்டது. பெரிய கேட்டைத் திறக்கச் சாலே அண்ணனுக்கு உத்தரவு இல்லை.

"தா போலே, முடியாது தங்கச்சி. கேட்டு லாரிக்கு மட்டும்தான்."

அப்பா தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார். அதுவும் முடியாது. ஒரு தடவைக்கு ஓர் உடம்புதான் வாசலைத் தாண்டலாம். கைக்குழந்தைக்கு மட்டும்தான் விலக்கு.

"அப்ப என்னயும் கைக்கொழந்தன்னு வச்சிக்க, சாலே அண்ணே. எனக்கும்தான் இன்னும் நடக்க வரல."

சாலே அண்ணன் சிரித்தார். ஆனால் விடவில்லை. அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. மாத்தா-மாத்தா, அதாவது போலீஸ் வேலையில் இருப்பவர், வீட்டில் பிள்ளைகள்.

அன்று மாலை அப்பா ரம்பத்தை எடுத்து வந்து பலகையின் இரண்டு பக்கங்களையும் அறுத்தார். நானும் அம்மாவும் பிடித்துக்கொண்டோம். பலகை வாசலில் நுழைந்தது. ஆனால் ஒடுங்கிப்போன பலகை மேடுபள்ளத்தில் நிற்கவில்லை. மறுநாளே ரோட்டோரம் அக்காவைக் கவிழ்த்துவிட்டது. அப்பா அறுத்த துண்டுகளைத் தேடி எடுத்து ஆணியடித்து மறுபடி ஒட்டினார். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சட்டைய புடிச்சித் தச்சி, அப்பறம் பிரிச்சி விடற மாதிரி இருக்குப்பா," என்றாள்.

கடைசியில் இப்படி ஆயிற்று. பலகையை நான் நெட்டாகத் திருப்பி முதலில் எடுத்துப் போவேன். அக்கா கையூன்றி, உடம்பை இழுத்துக்கொண்டு, அந்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே சரளைக்கல்லில் நகர்ந்து வருவாள். வரிசை காத்திருக்கும். யாரும் முணுமுணுக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

புண்

புண் எங்கே வந்தது என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உட்கார்ந்தே இருக்கிறவர்களுக்கு எங்கே வருமோ அங்கேதான். அக்கா ரொம்ப நாள் மறைத்துவிட்டாள். பாவாடையில் ஈரம் கண்டு அம்மா பிடித்துக்கொண்டாள்.

தினமும் கழுவிக் கட்ட வேண்டும் என்றார் டிரசர் ஐயா. மருந்தைக் கையில் கொடுத்துவிட்டால் அம்மாவே கட்டியிருப்பாள். அதுவும் கூடாது. சோறு உள்ளேயிருந்து வெளியே போகக்கூடாது, மருந்து வெளியேயிருந்து உள்ளே வரக்கூடாது. இரண்டுமே காட்டுக்குப் போய்விடுமாம். இருமலுக்குக் கொடுக்கிற தண்ணி மருந்தைக்கூட அங்கேயே நின்று குடித்துவிட்டு வர வேண்டும். ஆகவே அக்கா தினமும் அந்த வாசலைத் தாண்டிப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு, மறுபடி அதையே தாண்டி வந்தாள். ஆஸ்பத்திரி ஆயா சுத்தமாகக் கட்டிவிடுவாள். வாசல் சரளை அதைக் கலைத்துவிடும்.

மெத்தை யோசனை அம்மாவுடையது. பிறந்த குழந்தைக்குக் கேழ்வரகுத் தலையணை வைப்பது எங்கள் வழக்கம். தலை சப்பையாகாது, சூடும் தங்காது. ஆயாக் கொட்டகையில் அப்படி ஏழெட்டுத் தலையணைகள் கிடந்தன. அம்மா அவற்றைப் பிரித்துப் பலகையில் போட ஒரே மெத்தையாகத் தைத்துவிட்டாள்.

"கேவுரு உருண்டு உருண்டு எடம் குடுக்கும். ஒரே எடத்துல அமுக்காது."

டிரசர் ஐயா மெத்தைக்குள் கையை அழுத்திப் பார்த்தார். "இது கொள்ளாமே!" என்று தன் மலையாளத்தில் மெச்சினார்.

உண்மையாகவே புண்ணின் ஓரம் காயத் தொடங்கியது. சோதனைக்கார அம்மாவும் தினமும் மெத்தையை அமுக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். கேழ்வரகு சாப்பாடு என்பதே எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அரிசி, சீனி, டின் மீன் என்றுதான் சொல்லியிருந்தார்கள். குழந்தைகள் தலை வைத்துத் தூங்குகிற பொருளை யாராவது சாப்பாடு என்று நினைப்பார்களா?

அந்தப் புது அதிகாரி நினைத்தான். அவன் வந்து நின்ற காலையில்தான் கேழ்வரகு கோழிகளுக்குப் போயிற்று.

நடுவில் ஒரு விஷயம்

இதை இந்த வாரம் எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் செண்டாயானில் மகள் வீட்டில் இருந்தபோது, பிரஷர் பார்க்க ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். வாசலில் படி இருந்தது, பக்கத்திலேயே சக்கர நாற்காலிக்காக அழகாகச் சாய்வாக வழியும் கட்டியிருந்தார்கள். அந்தச் சாய்வின் குறுக்கே யாரோ மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

ஒரு பையன் சக்கர நாற்காலியில் கீழே காத்துக்கொண்டிருந்தான். அவனுடைய அம்மா, "பரவால்ல ஆன்ட்டி, யாராச்சும் ரெண்டு பேர் வந்தா தூக்கிடலாம்," என்றாள்.

 சண்டை ஆகிவிடுமோ, மகள் திட்டுவாளோ என்றெல்லாம் மனசுக்குள் ஓடியது. ஆனாலும் உள்ளே போய், மோட்டார் யாருடையது என்று சத்தமாகக் கேட்டேன். ஓர் இளைஞன் ஓடி வந்து, "சோரி ஆன்ட்டி," என்று தள்ளிவிட்டுப் போனான். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தும் தண்ணீர் கேட்டுக் கேட்டுக் குடித்தேன். மகள் பிரஷர் என்று நினைத்தாள்.

சோதனைக் கொட்டாய்

கேழ்வரகு போன பிறகு அம்மா இலவம்பஞ்சில் ஒரு மெத்தை செய்தாள். இரண்டொரு நாளில் அப்பளமாகிவிட்டது. புண் மறுபடி வாய் திறந்தது. அக்கா ஒரு நாள் வாசல் வரை வந்து நின்றுவிட்டாள்.

"நான் வரல. புண்ணுக்கு மருந்து போடப் போற வழியிலயே புண்ணு பெருசாவுது. இது என்னா கணக்குடி?"

அப்படிச் சொன்னவள் சும்மா இருக்கவில்லை. பெரட்டு முடிந்து டிரசர் ஐயா ரோட்டில் வருவதைப் பார்த்துவிட்டு வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே கூப்பிட்டாள். அவர் அந்தப் பக்கம் வந்து நின்றார். நடுவில் முள்கம்பி.

"ஐயா, அந்தச் சோதனைக் கொட்டாயிலயே மருந்து போட்டா என்னா?"

"எந்தக் கொட்டாயி?"

"இதோ, இதுதான். மறைப்பு இருக்கு. உள்ள ஒரு பொம்பள இருக்காங்க. நீங்க ஆயாவ மருந்தோட அனுப்பினாப் போதும். மருந்து உள்ள வரல, நான் வெளிய போவல. நடுவுலயே முடிஞ்சிரும்."

டிரசர் ஐயா கொட்டாயைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "அஞ்சலை, நீ ஆபீஸ் கிராணியா போயிருக்கணும்."

"ஆபீசுக்குப் படி இருக்குங்களே ஐயா."

அவர் அன்றைக்கே துரையிடம் கேட்டார். துரை போலீஸ் அதிகாரியிடம் கேட்க வேண்டும் என்றார். அந்த அதிகாரி சிரம்பானில் இருக்கிற தன் மேலதிகாரியைக் கேட்க வேண்டும் என்றாராம். நாங்கள் காத்திருந்தோம். டிரசர் ஐயா தினமும் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பார். அக்கா இந்தப் பக்கமிருந்து முகத்தைப் பார்ப்பாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டுவார். அவள், "சரிங்க ஐயா," என்று திரும்பிவிடுவாள்.

அம்மா வேப்பிலையும் மஞ்சளும் வைத்துக் கட்டினாள். சுடுநீரில் கழுவினாள். ஆயாக் கொட்டகையில் அக்கா கவிழ்ந்து படுத்தபடியே கயிறுகளை இழுத்தாள். கொஞ்ச நாளில் கயிறுகள் மெதுவாயின. ஒரு குழந்தை அழுதுகொண்டே இருக்க, அக்கா எழுந்திருக்கவில்லை. நான் தொட்டேன். உடம்பு அனலாக இருந்தது.

பெரிய கேட்

ஆம்புலன்ஸ் வந்தது. சாலே அண்ணன் சங்கிலியை அவிழ்த்தார், பெரிய கேட் இரண்டு பக்கமும் அகலத் திறந்தது. லாரி போகிற அகலம். அக்காவைப் படுக்க வைத்து, அவள் பலகையையும் பக்கத்தில் வைத்தோம். சாலே அண்ணன் பலகையைத் தானே தூக்கி ஏற்றினார்.

அக்காவுக்குக் காய்ச்சலில் பாதி நினைவுதான். ஆனால் கேட்டைத் தாண்டும்போது கண்ணைத் திறந்தாள்.

"இன்னிக்கு மட்டும் லாரி ஆயிட்டேனா?" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. வண்டி போன பிறகு சாலே அண்ணன் கேட்டைச் சாத்தச் சற்று நேரமாயிற்று.

கொட்டாயில் மருந்து போட உத்தரவு அதற்கப்புறம் வந்தது. வாரத்தில் ஒரு நாள் என்று போட்டிருந்தார்களாம். கண் தெரியாத முனியாண்டிக் கிழவரும் மாசமாக இருந்த பெண்களும் அதில் மருந்து வாங்கினார்கள். "இது அஞ்சலை ஆஸ்பத்திரி" என்று ஜனங்கள் பேர் வைத்துவிட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அக்கா பிழைத்துக்கொண்டாள். ஆனால் திருப்பி அனுப்பவில்லை. புண் எலும்பு வரைக்கும் போயிருந்தது, தினமும் கட்ட வேண்டும், உங்கள் தோட்டத்தில் அதற்கு வழி இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாரத்தில் ஒரு நாள் என்று எப்படிச் சொல்வது? நடக்க முடியாதவர்களை வைத்துப் பார்க்கும் ஒரு வார்டுக்கு அவளை மாற்றினார்கள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொன்னார்கள்.

கொட்டகையில் தொட்டில்களை ஆட்ட வேறு ஆள் வந்தது. அந்தப் பெண் எழுந்து நடந்து ஒவ்வொன்றாக ஆட்டுவாள். ஒன்றை ஆட்டப் போனால் மற்றது அழும்.

முழங்கை வரைக்கும்

எங்கள் பக்கம் சண்டை அடங்கி வேலியை எடுக்கச் சொன்னபோது நான் கல்யாணமாகிப் பெடாசில் இருந்தேன். அந்தச் சமயம் அப்பாவைப் பார்க்க வந்திருந்தேன். சின்ன வாசலின் கட்டைகளைப் பிடுங்க இரண்டு பேர் ஒரே ஒரு கடப்பாரையோடு வந்தார்கள். நான் பெரிய வேலையாக இருக்கும் என்று நினைத்து நின்றேன். அசைத்தார்கள், அசைத்தார்கள், ஒரு கட்டை வந்துவிட்டது. இன்னொன்றும் வந்துவிட்டது. அப்பா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பக்கூட இல்லை.

குழிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். ஏன் விட்டேன் என்று தெரியாது.

அடுத்த ஞாயிறு, இன்னும் அதே வார்டில் இருந்த அக்காவைப் பார்க்கப் போனேன். அவள் பக்கவாட்டில் படுத்திருந்தாள். அந்த நாட்களில் அவளுக்கு நிமிர்ந்து உட்கார அனுமதி இல்லை. பலகை கட்டிலுக்கு அடியில் சுவரோடு சாத்தியிருந்தது, சக்கரத்தில் துரு. வழக்கம்போல நான் வரும்போதே எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். சொன்னால் அழுவாளோ, சொல்லாவிட்டால் பிறகு தெரிந்து கோபிப்பாளோ என்று. கடைசியில் சொல்லிவிட்டேன்.

"வாசக் கட்டையப் புடுங்கிட்டாங்கக்கா."

"எத்தன பேரு வந்தாங்க?"

"ரெண்டு பேரு. ஒரு கடப்பாற."

"எவ்ளோ நேரம் ஆச்சி?"

"அப்பா வெத்தல போட்டாரு. துப்பறதுக்குள்ள முடிஞ்சிருச்சி."

 பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"ஆழம்?"

நான் கையை மடக்கி முழங்கையைக் காட்டினேன். அக்கா தன் கையை நீட்டி, என் விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் மெதுவாகத் தடவிப் பார்த்தாள். எத்தனையோ கயிறு இழுத்த விரல்கள். காய்ப்பு மறைந்து மெத்தென்று ஆகியிருந்தன.

"இவ்ளோதானா?" என்றாள். "அப்பா பலகைய அறுத்தாரு. அம்மா கேவுரு தச்சா. டிரசர் ஐயா சிரம்பான் வரைக்கும் கேட்டு அனுப்பிச்சாரு. அந்தக் கட்டையக் கொஞ்சம் தள்ளி நடுங்கன்னு ஒருத்தர் வாயிலயும் வரலடி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என் வாயிலயும் வரல பாரு," என்றாள் அக்கா. "இவ்ளோ பெரிய வாய வச்சிக்கிட்டு."

பார்வை நேரம் முடிந்ததென்று மணி அடித்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் எழுந்து போனார்கள். அக்கா என் முழங்கையை விடவில்லை. நர்ஸ் வந்து நின்று, எங்கள் கைகளைப் பார்த்துவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனார்.